லவ் பேர்ட்ஸுக்குத் தண்ணீர்

அன்பு மகளே,

இங்கே என்னோடு இருக்கும் உன் பெண்ணின் லவ் பேர்ட்ஸை நான் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாக உன் அண்ணன் சொன்னது பொய். கூண்டு இன்னும் என் ஜன்னலோரம்தான் இருக்கிறது.

தினமும் தண்ணீர் வைத்து அட்டையில் டிக் போட வேண்டும், தவறினால் பறவைகள் கடைக்குப் போகும் என்ற நிபந்தனையோடுதான் வாங்கித் தந்தேன். நான்கு நாள் கட்டங்கள் காலியாக இருந்தன. அடுத்த சனிக்கிழமை திருப்பிவிடலாம் என்றேன்.

"தினமும் வந்து பாத்தேன் பாட்டி, கிண்ணம் நிறைஞ்சே இருந்துச்சு. ஊத்தாம டிக் போட்டா பொய்யில்லையா?" என்றாள்.

விடியற்காலையில் ஊற்றியது நான்தான். அவை கத்தின, எழுந்து ஊற்றினேன். ஏன் தினமும் ஊற்றினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவளிடம் அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. முன்வைத்த காலைப் பின்வைத்து எனக்குப் பழக்கமில்லை. அவளோ பறவைகளோடு கடைக்கு அனுப்பத் தினைப் பொட்டலத்தைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள்.

தவறியது யார்? போன் வேண்டாம். சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி எழுதி அனுப்பு.

அம்மா