மருந்து தடவின நார்

செப். 8, திங்கள்
நல்ல வெயில். ஆய்வகத்தில் ஏ.சி. வேலை செய்யவில்லை. நாளெல்லாம் நானோ நார் இழுப்புதான். கண்ணுக்குத் தெரியாத இழைகள், படிந்தால் டிஷ்யூ பேப்பர் மாதிரி. மேலே எதிர்ப்பொருள் ஏற்றியாச்சு. சால்மோனெல்லா கிருமி இருந்தால் பிடித்துக்கொண்டு இளஞ்சிவப்பாகும். இல்லையென்றால் வெள்ளை. குப்பிக் கரைசலில் சரியாக வருகிறது.

வழிகாட்டி சார்: "அதுல எல்லாருக்கும் வரும்மா. சாப்பாட்டுல காட்டு."

உடனே அம்மாவின் தூக்குவாளி நினைவு. விடியுமுன் சமைத்து, வேனில் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு. மதியம் வரை புழுக்கம். அங்கே அடுப்பு மூட்ட முடியாது, சூடு பண்ண வழியில்லை.

வாங்க: கையுறை, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

செப். 9, செவ்வாய்
காலையில் சாப்பாட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் ஒரு நார்த் துண்டு. "மருந்து தடவியிருக்கு, கையால தொடாத" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

மாலை அம்மாவுக்கு ஒரே பெருமை. "எங்கூட வேல பாக்குற மாரியக்கா, முட்டக் கொழம்பு ஒரு மாதிரி இருக்குன்னு கொட்டப் போனா தாயி. ஒன் நார வச்சுப் பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு. சும்மா சாப்புடுக்கான்னேன்."

சாரிடம் சொல்ல வேண்டும். சந்தோஷம்.

செப். 10, புதன்
மாரியக்கா வேலைக்கு வரவில்லையாம். வாந்தி, பேதி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில்.

அவர் மகளிடம் கழுவாத தூக்குவாளியைக் கேட்டு வாங்கினேன். ஒட்டியிருந்த குழம்பில் புதுத் துண்டு. இளஞ்சிவப்பு.

நார் வேலை செய்கிறதே என்று ஒரு நொடி மகிழ்ச்சி. சீ. அப்படியானால் நேற்று ஏன் வெள்ளை? ராத்திரியில் கிருமி பெருகியிருக்கும் என்று மனசைத் தேற்றிப் பார்க்கிறேன். தேறவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சார் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

செப். 11, வியாழன்
மேகமூட்டம். அம்மாவிடம் கேட்டேவிட்டேன், நாரை என்ன செய்தாய் என்று.

"கேட்டுல போர்மேன் சோதன போட்டாரு. மருந்து தடவினதுன்னேன். வெளி மருந்து உள்ள வரலாமாம்மான்னு தண்ணி வாளியில போட்டுட்டாரு. மத்தியானம் கெஞ்சி வாங்கி, வெயில்ல காயவச்சுல்ல வச்சேன்."

மருந்து! பட்டாசு ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் தெரியாதா? கம்பெனி வாசலில் மருந்து என்றால் வெடிமருந்து. ரசாயனம் என்றோ சாயம் என்றோ சொல்லியிருக்கலாம். அரைநாள் ஊறி, வெயிலில் காய்ந்தால் எதிர்ப்பொருள் செத்துப்போகும். பிறகு என்ன கிருமி இருந்தாலும் வெள்ளைதான்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முகம் செத்துவிட்டது. மாரியக்காவுக்கு இன்னும் டிரிப்ஸ் ஏறுகிறதாம், அவரிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"நீ சொல்லாத. நார நாந்தான் தெரியாம நனச்சுட்டேன்னு சொல்லிக்கிறேன். படிக்கிற பிள்ள, ஒம் பேரு கெடக்கூடாது."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.