மழை பெய்யாத விடைத்தாள்

ஏப்ரல் 15

நான்காம் வகுப்புக்கு நாங்கள் நான்கு ஆசிரியைகள். கணக்குப் பாடத் தேர்வுத் தாள் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. "எதுக்கும்மா மெனக்கெடுற? இணையத்துல கொட்டிக் கிடக்கு. எடுத்து அச்சடி" என்றார் எங்களில் மூத்தவரான ஓக் மேடம்.

மதியம் முழுக்கத் தேடினேன். கிடைத்த தாள் எல்லாமே எதிர்ச்சாரி டியூஷன் சென்டரில் பிள்ளைகள் ஏற்கெனவே போட்டுப் பழகியவை. அதை வைத்தால் எல்லோருக்கும் நூறு வரும். யாருக்கு என்ன புரிந்தது என்பது மட்டும் தெரியாது. நானே எழுதப்போகிறேன். பெரிய மேதாவி!

ஏப்ரல் 23

சரிக்கு வட்டம், தப்புக்குச் சாய்கோடு. கோடுகள் நிறைந்தால் தாளில் மழை பெய்கிறது என்பார்கள் பிள்ளைகள். இன்று என் தாளைத் திருத்திக் கொடுத்தேன், வகுப்பில் அடைமழை. பாதிப் பேர் அழுதார்கள்.

நூற்றைம்பது அரிசிக் கேக், பெட்டிக்குப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் வைக்க எத்தனை பெட்டி வேண்டும்? இருபத்து நான்கு பேரில் பதினெட்டுப் பேர் "12, மீதி 6" என்று எழுதியிருந்தார்கள். எப்போதும் நூறு வாங்கும் பியோ சேரினுக்கு நாற்பது.

"அந்த ஆறு கேக்கை எங்கேம்மா வைப்ப?"

"மீதின்னு எழுதிட்டா போதும் டீச்சர். வைக்கவெல்லாம் வேணாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. இடத்துக்குப் போய், சிவப்புப் பேனா எடுத்து, நான் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக வட்டமாக்கத் தொடங்கினாள். பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். ஏன்?

ஏப்ரல் 25

பெற்றோர் கையெழுத்தோடு தாள்கள் திரும்பிவிட்டன. சேரினுடையது மட்டும் வரவில்லை.

ஏப்ரல் 26

சேரின் அம்மா போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்க சேரின் தாள்ல இதுவரைக்கும் மழை பெஞ்சதே இல்ல டீச்சர். தப்பான கணக்கு ஒவ்வொண்ணையும் நூறு தடவை எழுதிட்டிருக்கா. முடிச்சாத்தான் தூக்கம். நீங்க கவலைப்படாதீங்க."

என் வாயில் வந்தது "நன்றிங்க". நன்றியாம்! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மே 3

சேரினுக்கு இடது காதுக்கு மேலே ஒரு காசு அளவுக்கு முடி இல்லை. கணக்கு வகுப்பில் ஒவ்வொரு முடியாகப் பிடுங்குகிறாள், தனக்கே தெரியாமல்.

பள்ளி மனநல ஆலோசகரிடம் அனுப்ப அம்மாவின் சம்மதம் வேண்டும். கேட்டேன். "அவளுக்கு வேண்டியது நூறு டீச்சர், ஆலோசனை இல்ல."

மே 13

அடுத்த பாடத்துக்கும் நானே எழுதிய தாளை ஓக் மேடத்திடம் காட்டினேன், சேரின் விஷயத்தையும் சொன்னேன். நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இதை வைக்காதே. பழைய தாளையே வச்சிடு. அந்தப் பொண்ணாவது தூங்கட்டும்."

தலையாட்டினேன். அந்தப் பெண்ணுக்காக மட்டும்தானா? இல்லை. அந்த போன் மறுபடி வரக்கூடாது என்று நினைத்தேன்.

மே 21

இணையத்தில் எடுத்த தாள். இருபத்திரண்டு பேருக்கு நூறு. சேரினுக்கும்தான்.

வழிமுறைக்கு விட்ட இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை, விடைகள் மட்டும் வரிசையாக இருந்தன. மனப்பாடம். தெரிந்தேதான் வட்டம் போட்டேன், பெரிது பெரிதாக. தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

மே 28

சேரின் நன்றாகத் தூங்குகிறாள் போல. மதியம் சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். நான் செய்தது சரிதான். சரிதானே?

ஜூன் 4

காலையில் சேரின் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தாள். எழுப்பினேன்.

"நூறு வாங்கினதால நாலாம் வகுப்புக் கணக்கு முடிஞ்சு போச்சாம் டீச்சர். டியூஷன்ல ஆறாம் வகுப்புல சேத்துட்டாங்க. அங்க எனக்கு ஒண்ணுமே... அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

மூன்று மணிக்குச் சேரின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். "சேரினுக்கு வகுத்தலே இன்னும் புரியலைங்க. ஆறாம் வகுப்பெல்லாம் வேண்டாம், தயவுசெஞ்சு நிறுத்துங்க" என்றேன்.

அதே மரியாதையோடு கேட்டார்:

"நூறு போட்டது நீங்கதானே டீச்சர்?"

ஆமாம் என்றேன்.