ஏறி இறங்காத கேலக்ஸி

திண்டிவனம், திங்கள் இரவு

மூன்று வருடமாக ஒரு கேலக்ஸியின் ரேடியோ அலைகள் கூடிக் குறைவதைத்தான் ஆராய்ந்து வருகிறேன். மாறவே மாறாது என்று ஒப்பீட்டுக்கு வைத்திருந்த இன்னொரு கேலக்ஸியும் அதே நாள்களில் அதே அளவு கூடிக் குறைந்திருப்பதை இன்றுதான் பார்த்தேன். கூடிக் குறைந்தது கேலக்ஸி இல்லை, கோளாறு எங்கள் கருவியில். என் ஆராய்ச்சிக் கட்டுரையோ நாளை இதழுக்குப் போகிறது.

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்.

"வேற யாருக்குன்னா தெரியுமா?"

"தெரியாதுப்பா. கைடு சாருக்கு மெயில் போட்டு நிறுத்தணும்."

"எம் பொண்ணு டாக்டராவப் போறான்னு விழுப்புரம் பூரா சொல்லிக்கினு இருக்கேனே" என்றவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

எழுதி அனுப்பினேன். இனி என்னிடம் எதுவுமே இல்லை.

"அனுப்பிட்டியா?" இருட்டிலிருந்து அப்பா கேட்டார்.

"அனுப்பிட்டேன்ப்பா."

அவர் புரண்டு படுத்தார். தூங்கவில்லை.