திரும்பப் பெற்ற புகார்கள்

மார்ச் 4, செவ்வாய்

பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம். கடைசியாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று ஆசை. இணையத்தில் சீண்டப்பட்டவர்கள் காவல் நிலையத்தில் கொடுத்த நூற்றுப் பன்னிரண்டு புகார்களின் நகல்கள், சான்றுப் படங்களோடு, ஆய்வு அனுமதியில் கையில் இருக்கின்றன. கட்டுரையில் சொல்லப்போவது:

1. சீண்டுபவர் பெரும்பாலும் தெரிந்தவரே.
2. புகார்கள் தாமதமின்றிப் பதிவாகின்றன.
3. புகாரைத் திரும்பப் பெற்றவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

மூன்றாவது சரிதானா? கோப்பில் இருப்பதைத்தானே எழுதுகிறேன்.

மார்ச் 6

இன்று யாரோடும் பேசவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகன் கூப்பிட்டான். "சாப்ட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? சரி, வைக்கட்டா?" இரண்டு நிமிடம், பத்து நொடி.

மார்ச் 11

காவல் நிலையத்தில், புகார்களைக் கவனிக்கும் ஏட்டம்மாவிடம் வரைவைக் காட்டினேன். மூன்றாவதைப் படித்துச் சிரித்துவிட்டார்.

"தீந்துபோச்சுன்னு யாரு சார் சொன்னா? பேப்பரா? ஒருத்தர்கிட்டயாவது வாயால கேளுங்க."

புகாரைத் திரும்பப் பெற்ற ஒரு பெண்ணிடம் அவரே சம்மதம் கேட்டு எண்ணைத் தந்தார். நாற்பத்தேழாம் கோப்பு. பள்ளி நூலகர்.

மார்ச் 13

மூன்று முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நான்காவது முறை அவர் எடுத்துவிட்டார்.

அவர் முகத்தை யாரோ வேறொரு உடலில் ஒட்டிப் பரப்பியிருந்தார்கள்.

"ஒவ்வொரு தடவ ஸ்டேஷனுக்குப் போறப்பவும் புதுசா ஒருத்தர் இருப்பாங்க சார். 'அந்தப் படத்தக் காட்டும்மா'ம்பாங்க. ஏழு பேரு. போதும்டா சாமின்னு எழுதிக் குடுத்துட்டேன்."

ம் கொட்டிக்கொண்டிருந்தேன். வைக்கும்போது சொன்னார்: "நீங்க ஒருத்தர்தான் படத்தப் பத்திக் கேக்கல சார்."

என் அட்டவணையில் ஒரு கட்டம் உண்டு — 'சான்று பார்க்கப்பட்டது'. நாற்பத்தேழுக்கு நேரே டிக். என் கை போட்டது.

மார்ச் 16, ஞாயிறு

அவரே கூப்பிட்டார்! இருபத்திரண்டு நிமிடம். நூலகத்தில் பிள்ளைகள் அடிக்கும் கூத்தையெல்லாம் சொன்னார். "நீங்க பேசுறது வாய்மொழித் தேர்வு மாதிரியே இருக்கு சார்" என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நானும் படத்தைப் பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு நின்றுபோகும். வேறு காரணம் எதுவும் இல்லை. சே, என்ன மனுஷன்யா நான்?

மார்ச் 18

சொல்லிவிட்டேன். "நானும் பாத்தேம்மா. எட்டாவது ஆள். பாக்கணும்னு அவசியமே இல்ல. டிக் போடணுமேன்னு பாத்தேன்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே சார்."

வைத்துவிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

மகன் மட்டும். ஒரு நிமிடம், ஐம்பது நொடி.

மார்ச் 27

அந்தக் கட்டத்தையே அட்டவணையிலிருந்து நீக்கினேன். படங்களின் நகல்களை ஏட்டம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

கட்டுரையின் கடைசிப் பத்தியை இப்படி முடித்திருக்கிறேன்:

"மூன்றாவது முடிவு தவறு. புகாரைத் திரும்பப் பெற்றவர்களுக்கு எதுவும் தீரவில்லை. படத்தைக் காட்டச் சொல்பவர்களிடம் போவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவே. தேவையின்றி அந்தப் படங்களைப் பார்த்தவர்களில் இதை எழுதியவனும் ஒருவன்."