ரெக்சின் என்று சொன்ன வார்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்புள்ள அர்ஹந்துக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் சுருதியும் நானும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நலமாகத்தான் இருப்பாய், அடுத்தவர் மனசைப் பற்றிக் கவலைப்படாதவனுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது. இங்கே மழை கம்மி, ஊரில் வேர்க்கடலை பிடுங்கி ஆயிற்று, உன் தங்கைக்குப் பரீட்சை முடிந்தது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து சமாதானம் பேசுவாய் என்பதால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

என் பிறந்தநாளுக்கு ஜெர்மனியிலிருந்து சவரக்கத்தியும் அதைத் தீட்ட நீயே செய்த வாரும் அனுப்பினாய் அல்லவா. பிரித்ததும் அம்மா உனக்குப் போன் போட்டு, இது தோலாடா என்று கேட்டாள். இல்லம்மா, ரெக்சின் என்றாய். சமணனுக்குத் தோல் ஆகாது என்று நான் ரப்பர் செருப்பு போடுகிறவன், கைக்கடிகாரத்துக்குக்கூடத் துணிப்பட்டை கட்டுகிறவன் என்பது உனக்குத் தெரியாததா. நம்பினேன். தினமும் காலையில் அதில் கத்தியை இப்படியும் அப்படியும் இழுத்துத் தீட்டிச் சவரம் செய்துகொண்டு, அந்த முகத்தோடுதான் ஆதிநாதர் கோயிலுக்குப் போனேன். பார்த்தவர்களிடமெல்லாம் எம் பையன் கையால செஞ்சது என்று பெருமை அடித்துக்கொண்டேன். அம்மா அதைத் துடைத்துப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள், பிள்ளை கைபட்ட பொருளாம்.

போன மாதம் சுருதி செல்போனில் எதையோ பார்த்துவிட்டுச் சட்டென்று மறைத்தாள். வாங்கிப் பார்த்தால் நீ. வீட்டிலேயே வார் செய்வது எப்படி என்று ஊருக்குப் பாடம் எடுக்கிறாய். எருமைத் தோலை வாங்கி நனைத்து, உள்பக்கத்துப் பிசிறைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, பலகையில் பசை போட்டு ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் விட்டு உள்ளங்கையால் நீவுகிறாய், பச்சைக் குழந்தைக்கு நீவுகிற மாதிரி. அதோடு நிறுத்தினாயா. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இது எங்கப்பாவுக்கு, எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு, இனிமே தினம் எருமைத் தோல்ல கத்தி தீட்டிட்டு சாமி கும்பிடப் போகப்போறாரு, அவருக்குத் தெரியாது என்கிறாய். கீழே எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அம்மா ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். சாமி அலமாரியில் வைத்த பாவம் தன்னுடையதாம். நான் தடுக்கவில்லை. உன்னைப் பெற்றவள் அவள்தானே, படட்டும் என்று விட்டுவிட்டேன், அதை அவள் எதிரிலேயே சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சினேகா ஏன் போனை எடுப்பதில்லை என்று சுருதியை நச்சரிக்கிறாயாம். என்னைக் கேள். உங்கள் இருவர் நிச்சயத்துக்கு நாள் குறிக்க உன் தாய்மாமன் அப்பு, மகள் சினேகாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நானே அந்த வீடியோவைப் போட்டு நடுவில் வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து, வேணாங்க, புள்ள வாழ்க்கைங்க என்று கெஞ்சினாள். உதறிவிட்டேன். அப்பு நல்ல மனுஷன், இந்தக் காலத்துல தோலு கீலுன்னு யாரு பாக்கறாங்க, விடுங்க மாமா என்று முடித்துவிடப் பார்த்தார். சினேகாதான் இன்னொரு முறை போடச் சொன்னாள். பார்த்துவிட்டு, தோலுக்காக இல்ல மாமா, நான்கூட தோல் பைதான் வச்சிருக்கேன், பெத்த அப்பாவ ஏமாத்திட்டு ஊரக் கூட்டி சிரிக்கிறவரு நாளைக்கு என்னையும் வச்சு சிரிப்பாரு என்றாள். அத்தையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள், என்னிடம் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா, அவன் செஞ்சது புத்தி கெட்ட விளையாட்டு, நீங்க செஞ்சது என்னாங்க என்று கேட்டாள். உனக்குச் சொல்கிறேன், எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். வாரைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன், செத்த உயிருக்கு நாமாவது அதைச் செய்ய வேண்டும்.

நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு, அங்கே குளிர் ஜாஸ்தி, காதைக் கட்டிக்கொள். அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே. நான் கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய். என் எதிரில் உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், பாவம், மீற மாட்டாள்.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி