கேரியரில் நான்கு மூட்டைகள்

மாமா,

இன்று காலை பரணிலிருந்து அந்தப் பூட்ஸ் டப்பாவை இறக்கி மூடியைத் திறந்ததும் சொல்யூஷன் வாடை வந்தது. பை தைக்கும் பட்டறையில் தோலை ஒட்டுவார்களே, அந்தப் பசை. தாராவியில் நம் சந்து முழுக்க எப்போதும் அடிக்கிற வாடைதான். என் மூக்கு அதைக் கவனிப்பதை எப்போதோ விட்டுவிட்டது. ஆனால் ஏழு மாதம் டப்பாவுக்குள் அடைந்து கிடந்தது வேறாக இருந்தது. டெம்போ ஓட்டாத நேரத்தில் பட்டறையில் பசை தடவிவிட்டு வருவீர்களே, அப்போது உங்கள் சட்டைக் கையில் இருக்கும் வாடை.

உள்ளே நம் வண்டி அப்படியே இருந்தது. தலைமேல் கேரியர், கேரியரில் நீலத் தார்ப்பாய் சுற்றிய நான்கு குட்டி மூட்டைகள், அவற்றின் மேல் நீங்கள் போட்ட முடிச்சு.

இந்த வண்டி எப்படி வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற இடத்துக்கு லோடு இறக்கப் போன நீங்கள், நான்கு பெரிய ரப்பர் சக்கரங்களும் மோட்டாரும் மட்டும் இருந்த ஒரு எலும்புக்கூட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மேல்கூடு இல்லை, ரிமோட் இல்லை.

“ஏ புள்ளே, இது என்னன்னு ஒம் புஸ்தகத்துல பாத்துச் சொல்லு.”

நான் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன். இதற்குக் கிராலர் என்று பெயர், ஓட்டப் பந்தயத்துக்கானது இல்லை, பாறையைப் பிடித்துப் பிடித்து மெதுவாக ஏறும், நிஜ வண்டியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பார்த்தால் நிஜம் போலவே தெரிகிற கூட்டை அதன்மேல் வைப்பார்கள், பெரும்பாலும் ஜீப். நீங்கள் கடைசிச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டீர்கள்.

“ஜீப்பு எதுக்கு? நம்ம டெம்போவுக்கு என்ன கொறச்சல்?”

அடுத்த வெள்ளிக்கிழமை தெருவே வேடிக்கை பார்க்க, டெய்லரிடம் இரவல் வாங்கிய இஞ்ச் டேப்பால் உங்கள் டெம்போவை அளந்தோம். நீங்கள் டேப்பைப் பிடிக்க, நான் நோட்டில் எழுதி, எல்லாவற்றையும் பத்தால் வகுத்தேன். இடது கதவில் இருந்த நசுங்கலை விட்டுவிடலாம் என்றேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. “அந்த நசுங்கல் இல்லன்னா அது வேற எவன் வண்டியோ” என்றீர்கள். பன்னிரண்டு சென்டிமீட்டர் நசுங்கல். நம் வண்டியில் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதை ஸ்பூனின் பின்பக்கத்தைச் சுடவைத்து அழுத்தி எடுத்தோம்.

ஏதோ ஒரு கடையின் பெயர்ப்பலகையாக இருந்த சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் அட்டையை வெட்டித்தான் கூடு செய்தோம். கூரையைத் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் இன்னும் இரண்டு மராத்தி எழுத்துகள் பாதி பாதியாகத் தெரிகின்றன. சீட்டுக்கு வைத்த தோல் மெத்தை மாதிரி உப்பியிருந்தது. நீங்கள் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அடிப்பக்கத்தைச் சீவிச் சீவி வெற்றிலை கனத்துக்குக் கொண்டுவந்தீர்கள். மட்கார்டில் துருவை நான் வரைந்தேன். நான் எது சொன்னாலும் “இன்ஸ்பெக்டர் வந்தாச்சு” என்று உங்கள் லாத்தாவிடம், அதாவது என் உம்மாவிடம், சொல்வீர்கள். வேலை அழகாகப் போய்க்கொண்டிருந்தது, மூட்டைகள் வரும்வரை.

தார்ப்பாய்த் துண்டுகளுக்குள் பையில் அடிக்கிற பித்தளை ரிவெட்டுகளை அடைத்து நான்கு மூட்டை கட்டி வந்தீர்கள். கையில் வாங்கியதும் கனத்தது.

“மாமா, இவ்வளவு வெயிட் ஆகாது.”

“நெச மூட்டை நாப்பது கிலோ. பத்துல ஒண்ணுன்னா நாலு கிலோல்லா வரணும்? நாந்தான் எரக்கப்பட்டு கொறச்சிருக்கேன்.”

நீளத்தில் பத்து, அகலத்தில் பத்து, உயரத்தில் பத்து, அதனால் எடையை ஆயிரத்தால் வகுக்க வேண்டும், நாற்பது கிராம்தான் வரும் என்று நோட்டில் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டினேன்.

“நாப்பது கிராமா? அது மூட்டையாளா, வெத்தல மடிப்பா?”

நீங்கள் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்த பழைய ரிமோட்டால் வண்டியைப் பட்டறைப் படிக்கட்டில் ஏற்றிப் பார்த்தோம். இரண்டாவது படியிலேயே வண்டி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தது. உம்மா வாசலில் நின்று, “நெச டெம்போவயும் இப்பிடித்தான் ஓட்டுறியாடா?” என்று கேட்டார். “அதுல இன்ஸ்பெக்டர் கெடையாது லாத்தா, அதான் ஒழுங்கா ஓடுது” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் ஆத்திரம் வந்துவிட்டது.

“உங்களுக்குக் கணக்கு தெரியாது மாமா. நீங்க ஏழாங்கிளாஸ்தானே படிச்சீங்க?”

பட்டறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீங்கள் மூட்டை கட்டிய நூலை விரலில் சுற்றினீர்கள். பிறகு, “சரி டீச்சரம்மா” என்று வண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். இன்ஸ்பெக்டர் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் உங்களுக்குக் காய்ச்சல். பிறகு கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் பெரியவர்களைத்தான் உள்ளே விட்டார்கள்; ஒரே ஒரு நாள் என்னையும் விட்டார்கள். “மருமவளே, செம்பூர் பாறைக்கு எப்பப் போறோம்?” என்று கேட்டீர்கள். செம்பூர்ப் பக்கம் லோடு இறக்கப் போனபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கிராலர் ஓட்டுகிறவர்களைப் பார்த்து வைத்திருந்தீர்கள். நீங்கள் வீட்டுக்கு வந்ததும் போகலாம் என்றேன். கட்டிலைச் சுற்றி உறவினர்கள் நின்றார்கள். மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. நீங்கள் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் வரவேயில்லை.

இன்று உம்மாவுடன் ஆட்டோவில் அங்கே போனேன் மாமா. பளபளவென்று நிறைய ஜீப்புகள். நம்முடையதைப் பார்த்ததும் “அரே, டெம்போ!” என்று கூடிவிட்டார்கள். ஒருவர் மண்டியிட்டு அந்த நசுங்கலைப் போட்டோ எடுத்தார். நீங்கள் இருந்திருந்தால் காலரைத் தூக்கிவிட்டிருப்பீர்கள்.

ஆனால் வண்டி பாறையில் ஏறவில்லை. பாதியில் மல்லாந்தது. மறுபடியும் ஏற்றினேன், மறுபடியும் அதே இடம். தாடிக்காரர் ஒருவர், “ஊபர் கா வஜன் நிகாலோ, பேட்டா” என்றார். மேலே இருக்கிற எடையை எடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஏழு மாதமாக அந்த முடிச்சில் நான் கைவைக்கவில்லை. வைத்தால், கடைசியில் நான்தான் ஜெயித்தேன் என்று ஆகிவிடும்.

உம்மாதான் சொன்னார்: “அவுத்துருளா. தெனம் லோடு கெட்டி அவுத்த பய. அவன் முடிச்சு அவுக்கத்தான்.”

ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

முதல் மூட்டையை எடுத்தேன். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே பைக்கு வைக்கிற ஸ்பாஞ்சு, அதன் நடுவில் கொஞ்சமே கொஞ்சம் ரிவெட்டுகள். அடியில் பால்பாயிண்ட் பேனாவில், உங்கள் சாய்ந்த கையெழுத்தில், 40 என்று எழுதியிருந்தது. இரண்டாவதிலும் 40. மூன்றாவதிலும் 40. நான் கத்தியதற்குப் பிறகு, காய்ச்சல் வருவதற்கு முன்னால், எந்தத் தராசில் இவற்றை நிறுத்தீர்கள் மாமா? யாரிடம் கேட்டு வாங்கினீர்கள்?

நான்காவதைத் தூக்கியபோது ரிவெட்டுகள் குலுங்கின. பழைய மூட்டை அப்படியே. அதன் அடியில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

உம்மா அதை உள்ளங்கையில் வாங்கி ஏற்றி இறக்கிப் பார்த்தார். “கனமாத்தான் இருக்கு” என்றார். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ம், ஓட்டு” என்றார்.

மூன்று மூட்டைகளோடு நம் டெம்போ ஏறியது. மல்லாந்த இடத்தில் ஒரு சக்கரம் காற்றில் சுற்றியது. மற்ற மூன்றும் பாறையைக் கடித்துப் பிடித்துக்கொண்டன. அவசரமே இல்லாமல், நீங்கள் சந்துக்குள் வண்டியைத் திருப்புவது போல, மெதுவாக மேலே போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் சத்தமாக அழுதுவிட்டேன். அதை மட்டும் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்ன கணக்கு சரி, மாமா. சொன்ன விதம் தப்பு. அதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

நான்காவது மூட்டையை என் காம்பஸ் பாக்ஸில் வைத்துக்கொண்டேன். பையைத் தூக்கும்போதெல்லாம் குலுங்குகிறது. நாளை வகுப்பில் என்னவென்று கேட்பார்கள். எதையும் அளந்து நோட்டில் எழுதுகிற நான், இதை மட்டும் இன்னும் தராசில் வைக்கவில்லை. வைக்கப்போவதும் இல்லை.

உங்கள் மருமகள்