ஜெட்டா, வி-டிரைவா

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நம் குடும்ப வரலாற்றில் பொறிக்கத்தக்க முடிவொன்று இன்று காலை பத்தே காலுக்கு எடுக்கப்பட்டது: புதுப் படகுக்கு வி-டிரைவ் வேண்டாம், ஜெட் டிரைவ்தான்.

வி-டிரைவ் எஞ்சினில் படகைத் தள்ளும் புரொப்பல்லர் அடியில், பின்பக்க ஏணியிலிருந்து தள்ளியே இருக்கிறது. மெதுவாகப் போகும்போதும் சொன்னபடி திரும்பும். ஆனால், "வெளியில பிளேடு சுத்துற படகுன்னா நானும் பாப்பாவும் அந்த வீட்டுக்கே வரமாட்டோம்" என்று நீ போனில் சொன்னதை ஒரு தொழில்நுட்பக் கருத்தாகவே எடுத்துக்கொண்டேன். ஜெட்டில் சுழல்வதெல்லாம் கூட்டுக்குள். நீரைப் பீய்ச்சி ஓடுகிறது. ஏணியில் யாராவது நிற்பதைப் பார்க்காமல் பின்னால் எடுத்தாலும் பாதகமில்லை.

பாப்பாவின் காலில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்களா?

ஜெட்டில் ஒரே குறை, வேகத்தை விட்டால் திரும்பாது. நேற்று சோதனை ஓட்டத்தில் உன் தம்பி பத்து தடவை சொன்னான்: "அத்தான், பயந்து ஆக்சிலரேட்டர்லேர்ந்து கையை எடுத்துடாதீங்க. எடுத்தா நேராத்தான் போகும்."

எதிரே ஒருவர் நீந்தி வந்தார். கையை எடுத்துவிட்டேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியும் படகு என்னை யாரென்றே தெரியாததுபோல் நேரே போனது. உன் தம்பி என்னைத் தள்ளிவிட்டு, வேகம் கொடுத்துத் திருப்பினான். ஒரு முழம்தான் இடைவெளி.

"பாப்பா ஏணியில நின்ன அன்னிக்கும் இப்படித்தான் பதறினீங்களா அத்தான்?" என்று கேட்டான். வெயில் அதிகம் என்றேன்.

படகு நாளை வருகிறது. பதிவு உன் தம்பி பெயரில். இரண்டு சாவிகளும் அவனிடமே இருக்கும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா